தெலுக் கும்பார், காலை ஏழு பத்து

பன்னிரண்டு மணி நேரம்
நுண்ணோக்கிக்குள் குனிந்திருந்த கண்
எடுத்த எடுப்பில் கடலைப் பார்க்க முடியாது.
கடல் அதற்கு மிகப் பெரிது.
ஆகவே வண்டியைச் சவுக்கு மரத்தில் சாய்த்துவிட்டு
சீருடையோடு மண்டியிட்டு
மணலிலிருந்து தொடங்குவேன்.

வற்று நேரம்.
தண்ணீர் ரிமாவ் தீவுப் பக்கம்
போய்விட்டிருக்கிறது.
விட்டுப்போன ஈரத்தில்
சட்டைப் பித்தானளவு ஒரு கதவு திறக்கிறது.
முதலில் ஒரு கால்.
பிறகு, நான் அசைகிறேனா என்று பார்க்க
குச்சி நுனியில் இரண்டு கண்கள்.
நான் அசையவில்லை.
அசையாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பட்டாணியளவு நண்டு
மணலை வாயில் அள்ளித் தின்ன வேண்டியதைத் தின்று
மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது.
கடுகினும் பெரிது, மிளகினும் சிறிது.
இன்னொன்று. இன்னொன்று.
வளையைச் சுற்றிக் கதிர்கதிராய் வரிசைகள்.
நானும் இராமுழுக்க இதைத்தான் செய்தேன்:
எடு, பார், வை.
எனக்கு வைக்க இரண்டு தட்டுகள் உண்டு,
தேறியது ஒன்று, தேறாதது ஒன்று.
இதற்குக் கரை முழுக்க ஒரே தட்டு.

ஐந்தாம் படிவத்தில்
நெய்தலின் கருப்பொருள் கேட்டார்கள்.
சுறா, அன்றில், புன்னை, உப்பு என்றெழுதி
முழு மதிப்பெண் வாங்கினேன்.
அன்றிலை இன்றுவரை கண்டதில்லை.
உடும்பைக் கண்டிருக்கிறேன்:
யாரோ வைத்துவிட்டுப் போன நாசி லெமாக்கை
இலையோடு விழுங்கிவிட்டு
வாடகைப் பாக்கி வசூலித்தவன்போல்
நிதானமாக நடந்து போகும்.
நீர்நாய்களைக் கண்டிருக்கிறேன்.
லதீஃபின் வலையைக் கிழித்து மீன் தின்னும்.
அவர் படகிலிருந்தே வண்டை வண்டையாகத் திட்டுவார்,
திட்டி முடித்ததும் தலைகளை எண்ணுவார்.
"ஏழு. நேற்றும் ஏழு."
ஆறு என்றால்
அன்று அவருக்குத் தேநீர் இறங்காது.

போன மாதம் பௌர்ணமிக்கு மறுநாள்
இரண்டு பெலாங்காஸ்
ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையேறியிருந்தன.
கவிழ்த்த சட்டிமேல் கவிழ்த்த சட்டி.
மலாயில் பிரியாத ஜோடிக்கு அதுதான் பெயர்.
என் கல்யாண மேடையில்
நூர் ஹஸ்லிண்டா அதைச் சொல்லித்தான் வாழ்த்தினாள்,
சபை முழுக்கச் சிரித்தது,
அவரும் சிரித்தார்.

எந்த அலை புரட்டியதோ,
மேலே இருந்த ஆண் மல்லாந்து கிடந்தது.
கால்களெல்லாம் காற்றை நடந்துகொண்டிருந்தன.
வாலை ஊன்றி ஊன்றிப் பார்த்தது.
பெண் தன்பாட்டுக்கு
மணலில் ஒரு சாலை போட்டுக்கொண்டு
கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வாலைப் பிடிக்கக் கூடாது.
ஓட்டின் விளிம்பைப் பிடித்துப் புரட்டினேன்.
எந்தப் பக்கம் பார்க்க வைப்பது?
அவள் போன தடத்தில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் அது அசையவே இல்லை.
அப்புறம் மெல்லத் திரும்பி
கிழக்கே, பாறைகள் இருக்கும் திசையில்
தனியாக ஊர்ந்தது.
இதற்கு நான் அர்த்தம் சொல்லப்போவதில்லை.
வழக்கறிஞர் கொடுத்த தாள்
அன்றும் பையில்தான் இருந்தது,
இன்றும் பையில்தான் இருக்கிறது.

நண்டுக்கு முதலில் தெரிந்துவிட்டது.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை,
அதற்குள் ஒரு பிடி ஈரமணலை இழுத்து
கதவைச் சாத்திக்கொண்டது.
பிறகுதான் வந்தது தண்ணீர்,
பூனை போல, நுரைகூட இல்லாமல்.
ஆயிரம் உருண்டைகள்.
ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்காமல்
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

கண் இப்போது தூரத்துக்குப் பழகிவிட்டது.
ரிமாவ் தீவு. அதன் கலங்கரை விளக்கம்.
அதற்கும் மேலே ஒரு வெண்வயிற்றுக் கழுகு
எதையோ கால்களில் தூக்கிக்கொண்டு போகிறது.
மீனா, பாம்பா, தெரியவில்லை.
கண்டுபிடித்துச் சொல்லென்று
என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

எழுந்தபோது
இடது முட்டியில் நான்கு உருண்டைகள்
நசுங்காமல் ஒட்டியிருந்தன.
பாயான் லெப்பாஸ் விளக்குக் கம்பம் வருவதற்குள்
உதிர்ந்துவிடும்.
தட்டிவிடாமல் வண்டியை எடுத்தேன்.